சாரோட வராதவங்க நோட்டு

எங்க சார் போன கார்த்திகையில தவறிட்டாரு. மனநல டாக்டர். டெல்டாவுல கிட்டத்தட்ட முப்பது வருஷம் கவர்மெண்ட் ஆஸ்பத்திரியிலேயே வேலை பார்த்தவரு. நான் எம்.எஸ்.டபிள்யூ முடிச்சுட்டு 2009-ல சமூகப் பணியாளரா அவர்கிட்ட சேர்ந்தேன், 2019-ல அவர் ரிட்டயர் ஆகுற வரைக்கும் கூடவே இருந்தேன், அதுக்கப்புறமும் வாரத்துல ரெண்டு மூணு தடவையாவது போன் போட்டு ஏதாவது சந்தேகம் கேட்டுக்கிட்டுதான் இருந்தேன். பேரு போட வேணாம்னு அவர் வீட்டம்மா சொன்னாங்க, அதனால சார்னே எழுதுறேன்.

நல்லவரு, பொறுமைசாலின்னு எல்லாரும் சொல்றாங்க. இரங்கல் கூட்டத்துலயும் அதையேதான் மாத்தி மாத்தி பேசுனாங்க. உண்மைதான், ஆனா பக்கத்துல இருந்து பார்த்த எனக்கு தெரியும், அவர் ஒவ்வொண்ணையும் யோசிச்சு யோசிச்சு பழக்கமா ஆக்கி வச்சிருந்தாரு. ஓபியில 120 பேரு நிக்கிற அன்னைக்கும், அவருக்கே காய்ச்சல் அடிக்கிற அன்னைக்கும் அந்தப் பழக்கம் மாறாது. அதத்தான் எழுதலாம்னு இருக்கேன். எங்க வேலைக்கு புதுசா வர்றவங்களுக்கும் ஆகும், வீட்டுல மனசு சரியில்லாதவங்கள வச்சு பாத்துக்கிறவங்களுக்கும் ஆகும்.

முதல்ல சேர். நான் சேர்ந்தப்ப எங்க ஓபியில டாக்டருக்கு கை வச்ச சேரு, நோயாளிக்கு ஆடுற இரும்பு ஸ்டூலு. ஒரு நாள் சார் சொந்தக் காசுல நாலு பிளாஸ்டிக் சேர் வாங்கிட்டு வந்தாரு, நாலும் ஒரே மாதிரி செவப்பு கலரு. ஸ்டூல எடுத்து ஸ்டோருக்கு அனுப்பிட்டாரு, மேஜைய செவத்தோரம் தள்ளிட்டாரு, அந்த நாலுல ஒண்ணுலதான் அவரும் உக்காருவாரு. எங்க பக்கம் வயக்காட்டு வேலைக்குப் போற சனம் டாக்டர் முன்னாடி சேர்ல உக்காராது. "இருக்கட்டுங்கய்யா, நிக்கிறேன்"னு துண்ட கக்கத்துல இடுக்கிக்கிட்டு நிக்கும். அது எந்த பயத்துல வந்த பழக்கம்னு டெல்டாவுல பொறந்தவங்களுக்கு நான் சொல்லத் தேவையில்ல. உக்காருங்க உக்காருங்கன்னு சார் கெஞ்ச மாட்டாரு. அவரும் எந்திரிச்சு நின்னுடுவாரு. அவங்க உக்கார்ற வரைக்கும் இவரும் நின்னுக்கிட்டே பேசுவாரு, வெளிய எத்தன பேரு வரிசையில இருந்தாலும் சரி. ரெண்டாவது தடவ வர்றப்ப அவங்களே உக்காந்துருவாங்க.

அப்புறம் யாருகிட்ட முதல்ல பேசுறதுங்கிறது. உள்ள வந்ததுமே கூட வந்தவங்க ஆரம்பிச்சிருவாங்க, டாக்டர் இவன் ராத்திரியெல்லாம் தூங்குறதில்ல, தனியா பேசுறான், சாமான உடைக்கிறான்னு. சார் கைய லேசா தூக்கி "செத்த இருங்க பெரியம்மா, தம்பிகிட்ட கேட்டுட்டு உங்ககிட்ட வர்றேன்"ம்பாரு. அந்தத் தம்பி வாயே தொறக்காத நெலமையில இருந்தாலும் முதல் கேள்வி அவன்கிட்டதான். என்ன பண்ணுதுன்னு கேக்க மாட்டாரு, "சாப்டியாப்பா, என்ன சாப்ட்ட?"ன்னு கேப்பாரு. மரியாதைக்கு கேக்குறாருன்னுதான் முதல் ரெண்டு மாசம் நான் நெனச்சுக்கிட்டிருந்தேன். அப்புறம்தான் புரிஞ்சுது. ஒருத்தரு "பழைய சோறு, எறங்கல"ன்னு சொன்னா பசி போச்சுன்னு தெரியும். ஒருத்தரு "கடையில டீ மட்டும்தான்"னா ஏன் வீட்டுல சாப்புடலன்னு கேப்பாரு, சோத்துல ஏதோ கலக்குறாங்கன்னு சந்தேகம் இருந்தா அப்ப வெளிய வரும். வீட்டுல யாரு சமைக்கிறா, பக்கத்துல உக்காந்து சாப்புட யாரு இருக்கா, எல்லாம் அந்த ஒரு கேள்வியில வந்துரும். அடுத்தது, நேத்து எத்தன மணிக்கு படுத்தீங்க, எப்ப முழிப்பு வந்துச்சு. இந்த ரெண்டையும் கேட்டுட்டுதான் மத்ததுக்கு போவாரு. வீட்டுல இருக்குறவங்களும் இத செய்யலாம், ஒருத்தருக்கு மறுபடி நோவு திரும்புதுன்னா பெரும்பாலும் மொத மொத காட்டிக்குடுக்கிறது தூக்கம்தான். ரெண்டு மூணு ராத்திரி சேர்ந்தாப்புல தூக்கம் கெட்டா அடுத்த தேதி வரட்டும்னு காத்திருக்காம உடனே கூட்டிட்டு வந்துருங்க.

சேர்ந்த புதுசுல ஒரு நாள் நான் "சார், அந்த சீசோ கேஸ் வந்திருக்கு"ன்னு சொல்லிட்டேன். சீசோன்னா ஸ்கிசோஃப்ரினியா, மனச்சிதைவு நோவு. காலேஜ்ல அப்படித்தான் சுருக்கிப் பேசிப் பழக்கம். சார் எதுவும் சொல்லாம எந்திரிச்சு வராண்டாவுக்குப் போயி, அந்த அண்ணன பேரு சொல்லி கூப்ட்டு தோள்ல கைய போட்டு உள்ள கூட்டியாந்தாரு. சாயங்காலம் பஸ் ஸ்டாண்ட்ல டீ குடிக்கிறப்பதான் சொன்னாரு, "அவருக்கு ஒரு பேரு இருக்கும்மா, அவங்கப்பா வச்சது, அதச் சொல்லு." அவ்வளவுதான். திட்டல. நானும் அந்த வார்த்தைய அதுக்கப்புறம் சொன்னதில்ல.

2012-ல நடந்தது ஒண்ணு விரிவாவே சொல்றேன், அத சொல்லாம சார பத்தி சொன்னதா ஆகாது. அந்த வருஷம் ஜூன் 12-க்கு மேட்டூர் தொறக்கல, குறுவை போச்சு, ஊரே வெறிச்சுன்னு கெடந்துச்சு. திருத்துறைப்பூண்டிக்கு தெக்க ஒரு கிராமத்துலேர்ந்து கிராம சுகாதார நர்ஸ் போன் பண்ணி, ஒரு வீட்டுல பையன மாட்டுக்கொட்டகையில சங்கிலி போட்டு வச்சிருக்காவோன்னு சொன்னாங்க. சாரு, நானு, அந்த நர்ஸு, ஒரு சுகாதார ஆய்வாளரு, நாலு பேரு ஜீப்ல போனோம். போற வழியெல்லாம் ஆய்வாளர் கொதிச்சுக்கிட்டே வந்தாரு. 2001-ல ஏர்வாடியில 28 பேரு சங்கிலியோட எரிஞ்சு செத்தாங்களே, அத பாத்தும் இந்த சனத்துக்கு புத்தி வரலியே, போலீஸ கூட்டிட்டு வந்திருக்கணும்னு. அவர் கோவம் நியாயம்தான். சார் கேட்டுக்கிட்டே வந்தாரு.

கீத்துக் கொட்டகை. ஒரு பக்கம் கறவை மாடும் கன்னுக்குட்டியும், எதுத்த மூலையில அந்தத் தம்பி, 26 வயசு, தாடியும் சடையுமா குத்த வச்சு உக்காந்திருந்தான். வலது கால்ல மாட்டுச் சங்கிலி, பூட்டு. நானு சங்கிலியப் பார்த்தேன், ஆய்வாளரு பூட்டப் பார்த்தாரு. சாரு பார்த்தது வேற. கணுக்கால்ல சங்கிலிக்கு அடியில ஒரு துணி சுத்தியிருந்துச்சு, பழைய நூல் சேலைய கிழிச்சு, தொவைச்சு, நாலா மடிச்சு, புண்ணு ஆயிறக்கூடாதுன்னு சுத்தினது. அழுக்கில்லாம சுத்தமா இருந்துச்சு. தெனம் மாத்தி மாத்தி கட்டியிருக்காங்க. சார் ஆய்வாளர தள்ளி கூட்டிட்டுப் போயி "அந்தத் துணியப் பாருங்க சார். அந்தம்மாவ திட்ட நமக்கு வாய் வருமா?"ன்னு கேட்டாரு. ஆய்வாளரு கண்ணு கலங்கிப் போயிட்டாரு. அந்தம்மாவுக்கு புருஷன் இல்ல, கூலி வேலைக்குப் போனாதான் அடுப்பு எரியும், ரெண்டு தடவ பையன் ரயில் ரோட்டுப் பக்கம் ஓடியிருக்கான், ஊர்க்காரங்க தூக்கிட்டு வந்து போட்டுட்டு, புள்ளைய அடக்கி வைக்கத் தெரியலியான்னு திட்டிட்டுப் போயிருக்காங்க. வேற வழி தெரியாம கட்டியிருக்காங்க.

சார் கொட்டகைக்குள்ள சட்டுனு நுழையல. வாசல்லேயே நின்னு "தம்பி, உள்ள வரலாமா?"ன்னு கேட்டாரு. பதில் இல்ல. நின்னாரு. வெயில் மண்டைய பொளக்குது. அஞ்சாறு நிமிஷம் கழிச்சு இன்னொரு தடவ அதே மாதிரி கேட்டாரு. அவன் தல தூக்காம "மாடு முட்டும்"னான். ஆறு மாசமா அவன் யாருகிட்டயும் ஒரு வார்த்த பேசலன்னு அவங்கம்மா சொன்னாங்க. சார் "அப்ப நீ கயித்த புடிச்சுக்க, நான் வர்றேன்"னாரு, அவன் நெசமாவே எக்கி மாட்டோட மூக்கணாங்கயித்த இழுத்துப் புடிச்சுக்கிட்டான். சார் உள்ள போயி சாக்க விரிச்சு அவனுக்கு சமமா தரையில உக்காந்தாரு. முக்கா மணி நேரம். முதல்ல மாட்டப் பத்தி, எத்தன லிட்டர் கறக்கும், கன்னு எப்ப போட்டுச்சுன்னு. அப்புறம்தான் காதுல கேக்குற கொரலுங்களப் பத்தி அவனா சொன்னான்.

அப்புறமும் அவர் சங்கிலிய கழட்டுங்கன்னு ஆர்டர் போடல. அந்தம்மாகிட்ட "கழட்டிட்டா நாளைக்கு நீங்க வேலைக்குப் போறப்ப யாரு பாத்துப்பா?"ன்னு கேட்டாரு. அந்தக் கேள்விக்கு பதில் கெடைச்சாதான் சங்கிலி திரும்ப கால்ல ஏறாதுன்னு அவருக்கு தெரியும். தாய்மாமன் ஒருத்தர் பக்கத்து ஊர்ல இருந்தாரு, ஆள் அனுப்பி வரவழைச்சு, அவரு ரெண்டு வாரம் கூட இருக்கேன்னு ஒத்துக்கிட்டப்புறம், சாவி அஞ்சறைப்பெட்டியில இருந்துச்சு, அந்தம்மா கையாலேயே தொறக்கச் சொன்னாரு. அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு கூட்டியாந்தோம், 20 நாள் வார்டு, அதுக்கப்புறம் மாசம் ஒரு டெப்போ ஊசி, ஒரு தடவ போட்டா ஒடம்புல தங்கி மெதுமெதுவா வேலை செய்யுற மருந்து. தெனம் மாத்திரை போட மறக்குறவங்களுக்கும் போட மாட்டேங்குறவங்களுக்கும் அந்த ஊசி பெரிய ஒத்தாசை, ஆனா பல குடும்பத்துக்கு அப்படி ஒண்ணு இருக்குறதே தெரியாது, கேளுங்க. இடையில ரெண்டு தடவ ஊசிய விட்டுட்டு மறுபடி நோவு வந்துச்சு, மறைக்கல. ஆனா சங்கிலி திரும்ப வரல. இப்ப அவன் மூணு மாடு வச்சு பால் ஊத்துறான்.

கோயிலுக்குப் போறத சார் ஒரு நாளும் கிண்டல் பண்ணதில்ல. எங்க பக்கம் மனசு சரியில்லன்னா பாதிப் பேரு முதல்ல குணசீலத்துக்குதான் போவாங்க, திருச்சிக்கு மேக்க காவிரி வடகரையில இருக்கே, பிரசன்ன வெங்கடாசலபதி கோயிலு, அங்க 48 நாள் தங்கணும், உச்சிகாலத்துலயும் ராத்திரியிலயும் மூஞ்சியில தீர்த்தம் தெளிப்பாங்க. எங்ககிட்ட வர்ற சிலரு பயந்துக்கிட்டே "48 நாள் வேண்டிக்கிட்டோம் சார், போலாமா"ன்னு கேப்பாங்க. சார் "நல்லா போயிட்டு வாங்க, ராத்திரி தீர்த்தம் தெளிச்சதும் இந்த மாத்திரைய போட்டுக்கிடணும், சரியா?"ன்னு 48 நாளைக்கு எண்ணி குடுத்து அனுப்புவாரு. பூஜை நேரத்தோட மாத்திரைய கட்டி விட்டதுல ஒருத்தரும் மறந்ததில்ல. அங்க எந்திரிக்க ஒரு நேரம், குளிக்க ஒரு நேரம், சாப்புட ஒரு நேரம்னு ஒரு ஒழுங்கு இருக்கு, அதுவும் வைத்தியத்துல சேத்திதான்னு எனக்கு சொல்லுவாரு. அடிக்கிறது, பட்டினி போடுறது, மொளகா பொக போடுறது, இதுங்களக் கேள்விப்பட்டா மட்டும் ஆளே மாறிடுவாரு, நேரா அந்த எடத்துக்கே போயி நிப்பாரு.

ஆனா சாமின்னு நெனச்சு மோசம் போற எடமும் உண்டு. வலங்கைமான் பக்கம் ஒரு பொண்ணு, 19 வயசு, வேற ஒரு எடத்துல புதுசா மருந்து ஆரம்பிச்சிருக்காங்க, ஹாலோபெரிடால். ரெண்டாம் நாள் சாயங்காலம் கழுத்து ஒரு பக்கமா திருகி, கண்ணு ரெண்டும் மேல சொருகி, நாக்கு வெளிய தள்ளிருச்சு. வீட்டுல சாமி வந்துருச்சுன்னு வேப்பலையும் கற்பூரமுமா அஞ்சு மணி நேரம் வச்சிருந்திருக்காங்க. ராத்திரி 11 மணிக்குதான் எங்ககிட்ட வந்துச்சு. சார் வந்து ப்ராமெத்தசின் ஊசி ஒண்ணு போடச் சொன்னாரு, அரை மணி நேரத்துல கழுத்து நேரா வந்து அந்தப் பொண்ணு தண்ணி கேட்டுச்சு. பெத்தவங்க சார் கால்ல விழப் போனாங்க. இது மருந்தோட பக்க விளைவு, ஆரம்பிச்ச முதல் சில நாள்லதான் பெரும்பாலும் வரும், வயசுப் புள்ளைங்களுக்கு அதிகமா வரும், ஊசிக்கு உடனே கேட்டுரும், உயிர் போற வலியா இருக்கும் ஆனா மாத்து இருக்கு. மருந்து எழுதிக் குடுத்தவங்க இத ஒரு வரி சொல்லியிருந்தா அந்தப் பொண்ணு அஞ்சு மணி நேரம் அப்படி கெடந்திருக்காது. எங்க ஓபியில அதுலேர்ந்து புதுசா மருந்து ஆரம்பிக்கிற யாரையும் நான் இத சொல்லாம அனுப்புறதில்ல, கழுத்து இழுத்தா, தாடை கோணுனா, கண்ணு சொருகுனா எந்த நேரமா இருந்தாலும் ஓடியாங்கன்னு.

சார் தப்பே பண்ணாதவருன்னு நான் சொல்ல மாட்டேன், அவரே ஒத்துக்க மாட்டாரு. லித்தியம், மனநிலை ரொம்ப ஏறி எறங்காம இருக்க குடுக்குற மாத்திரை, அத சாப்புட்டுக்கிட்டிருந்த ஒரு அக்கா, ஏழு வருஷமா நல்லா இருந்தவங்க. ஒரு அக்னி நட்சத்திரத்துல நூறு நாள் வேலைக்குப் போயி வாய்க்கா வெட்டியிருக்காங்க, இடுப்பு வலின்னு மெடிக்கல்ல சொல்லி டைக்குளோஃபினாக் வாங்கி அஞ்சு நாள் போட்டிருக்காங்க. கை கிடுகிடுன்னு நடுங்கி, பேதி ஆகி, நடந்தா தள்ளாடி, பேச்சு கொழறி வந்து சேர்ந்தாங்க. ரத்தத்துல லித்தியம் 2-க்கு மேல போயிருந்துச்சு. 1-க்குள்ள இருக்க வேண்டியது. உப்பும் தண்ணியும் வேர்வையில போயி, வலி மாத்திரையும் சேர்ந்ததுல லித்தியம் வெளிய போக முடியாம ஒடம்புல ஏறிருச்சு. ஒரு வாரம் ஆச்சு தேற. அவங்க கண்ணு முழிச்சு தெளிவா பேசுன அன்னைக்கு சார் அவங்க கட்டிலோரம் சேர் போட்டு உக்காந்து, "தப்பு என்னோடதும்மா. வெயிலப் பத்தியும் வலி மாத்திரையப் பத்தியும் நான் உங்களுக்கு சொல்லாம விட்டுட்டேன்"னு சொன்னாரு. பக்கத்துல பயிற்சி டாக்டருங்க நாலு பேரு, சிஸ்டருங்க, எல்லாரும் நிக்கிறாங்க. எனக்கு தூக்கிவாரிப் போட்டுச்சு. அந்தக்கா "அட என்னங்கய்யா நீங்க"ன்னு அழுதுட்டாங்க. இன்னைக்கு வரைக்கும் அவங்க ஒரு மாசம் கூட தவறாம வர்றாங்க.

அன்னைக்கு ராத்திரியே நானும் சாரும் உக்காந்து லித்தியம் சாப்புடுறவங்களுக்குன்னு ஒரு சீட்டு எழுதுனோம், பெரிய எழுத்துல. வெயில்ல வேலைக்குப் போனா அடிக்கடி தண்ணி, மோரு குடிங்க. உப்ப திடீர்னு கொறைக்காதீங்க. வலி மாத்திரை எங்கள கேக்காம வாங்காதீங்க. வாந்தி பேதி வந்தா, நடுக்கம் அதிகமானா, தள்ளாட்டம் வந்தா மாத்திரைய நிறுத்திட்டு அன்னைக்கே வாங்க. ரத்த டெஸ்டுக்கு வர்ற அன்னைக்கு காலை மாத்திரைய போடாதீங்க, ராத்திரி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழிச்சுதான் ரத்தம் எடுக்கணும். படிக்கத் தெரியாதவங்களுக்கு வீட்டுல இருக்குற பள்ளிக்கூடத்துப் புள்ளைங்கள வச்சு நானே படிக்க வச்சிருவேன்.

குடி விஷயத்துல அவர் வார்டு வார்டா போயி கத்துக்குடுத்தது ஒண்ணு இருக்கு. காலு ஒடைஞ்சு அட்மிட் ஆன ஆளு, ரெண்டு நாள் நல்லா இருந்தவரு, மூணாம் நாள் ராத்திரி திடீர்னு பூச்சி ஊறுதுங்கிறாரு, கட்டில்லேர்ந்து எந்திரிச்சு ஓடுறாரு, பொண்டாட்டிய யாருன்னு கேக்குறாரு. பைத்தியம் புடிச்சிருச்சுன்னு கட்டிப் போட்டுட்டு எங்கள கூப்டுவாங்க. தெனம் குடிச்சவரு ஆஸ்பத்திரிக்கு வந்ததால குடி நின்னு போயி வர்ற கோளாறு அது, பெரும்பாலும் நிறுத்துன ரெண்டாம் மூணாம் நாள்ல வரும், கவனிக்கலன்னா உயிரே போகும். அதனால சேர்க்குறப்பவே குடிப்பாரான்னு கேளுங்க, கடைசியா எப்பன்னு கேளுங்க, வீட்டுக்காரங்க மானத்துக்கு பயந்து மறைப்பாங்க, தனியா கூப்ட்டு கேளுங்கன்னு சொல்லுவாரு. குளுக்கோஸ் ஏத்துறதுக்கு முன்னாடி தையமின், அதாவது வைட்டமின் பி1, போடுங்கன்னு எல்லா வார்டு செவத்துலயும் அவரே எழுதி ஒட்டுனாரு. படிக்கிறவங்க வீட்டுல தெனம் குடிக்கிறவங்க இருந்தா, ஒரே நாள்ல நிறுத்து பாப்போம்னு சவால் விடாதீங்க, டாக்டர கேட்டு மருந்தோட நிறுத்துங்க.

2018 நவம்பர் 16, கஜா புயல். பட்டுக்கோட்டை, பேராவூரணி, வேதாரண்யம் பக்கமெல்லாம் தென்னந்தோப்பு அப்படியே சாஞ்சு கெடந்தத பார்த்தவங்களுக்குத்தான் தெரியும். பெத்த புள்ள சோறு போடலன்னாலும் வச்ச புள்ள சோறு போடும்னு சொல்லிச் சொல்லி வளர்த்த மரம். சார் 2004 சுனாமியில நாகப்பட்டினத்துல வேலை பார்த்தவரு. அந்த மாவட்டத்துல மட்டும் 6,000 பேருக்கு மேல செத்தாங்க. அந்த அனுபவத்துல எங்ககிட்ட சொன்னது, முதல் வாரம் யாரையும் மனசத் தொறந்து பேசுங்கன்னு நோண்டாதீங்க, தார்ப்பாய் வந்துச்சா, தண்ணி வந்துச்சா, கரண்ட்டு எப்ப வரும், நிவாரணத்துக்கு எங்க மனு குடுக்கணும், அத கேட்டு அதுக்கு அலைங்க, பேச நெனக்கிறவங்க அவங்களா பேசுவாங்க. நாங்களும் தண்ணி பாட்டில்லயும் தார்ப்பாயிலயும்தான் ஆரம்பிச்சோம்.

ஒரு மாசம் கழிச்சுதான் ஆம்பளைங்க வர ஆரம்பிச்சாங்க. யாரும் கவலைன்னு சொல்லல. மேலெல்லாம் வலி, நெஞ்சு படபடங்குது, வயிறு எரியுது, தலை காயுதுன்னுதான் சொன்னாங்க. ஒரு பெரியவரு, 60 மரம் போனவரு, ஈசிஜி எடுங்கன்னு மூணாவது தடவையா வந்திருந்தாரு. சார் எடுக்கச் சொன்னாரு, நல்லா இருக்குன்னு காமிச்சாரு, அப்புறம் மெதுவா கேட்டாரு. தூக்கம் வருதாங்கய்யா? வாழ்க்கையே வெறுத்துப் போச்சுங்களா? போய்ச் சேர்ந்தா தேவலன்னு தோணுதா? அதுக்கு ஏதாவது யோசிச்சு வச்சிருக்கீங்களா? படிக்கட்டு எறங்குற மாதிரி ஒண்ணொண்ணா. நாலாவது கேள்விக்கு அந்தப் பெரியவரு துண்டால மூஞ்ச மூடிக்கிட்டாரு.

இப்படிக் கேட்டா இல்லாத எண்ணத்த நாமளே உண்டாக்கிருவோமோன்னு நெறைய பேருக்கு பயம் இருக்கு, எனக்கும் இருந்துச்சு. அப்படி ஆகாது. கேட்டதுக்கப்புறம்தான் அவங்களுக்கு மூச்சே வருது. அன்னைக்கு சார் செஞ்சது, அந்தப் பெரியவரோட மகன போன்ல வரவழைச்சு, வீட்டுல இருந்த பூச்சி மருந்தெல்லாம் பங்காளி வீட்டுக்கு மாத்தச் சொன்னாரு, ஒரு வாரத்துக்கு மட்டும் மாத்திரை குடுத்தாரு, ராத்திரி தனியா படுக்க விடாதீங்கன்னாரு, மறுநாள் காலையில என்னைய அவருக்கு போன் பண்ணச் சொன்னாரு. மன அழுத்த மாத்திரை வேலை செய்ய ரெண்டுலேர்ந்து நாலு வாரம் ஆகும், அதுவரைக்கும் நம்ம போன்தான் மருந்துன்னாரு. நான் 19 நாள் தெனம் போன் பண்ணேன். ஒரு விஷயம் இங்க சொல்லிடணும், தற்கொலைக்கு முயற்சி பண்ணவங்கள போலீஸ் கேசுக்கு பயந்து ஆஸ்பத்திரிக்கே கூட்டியாராம வீட்டுல வச்சு பாக்குற குடும்பங்க இருக்கு. 2017 மனநலச் சட்டம் அவங்க கடுமையான மன அழுத்தத்துல இருந்திருக்காங்கன்னுதான் எடுத்துக்கச் சொல்லுது, தண்டிக்கச் சொல்லல, பயப்படாம கூட்டியாங்க. யாருகிட்டயும் பேச முடியாத நேரத்துல 14416-க்கு போன் பண்ணலாம், டெலி மானஸ், காசு கெடையாது, தமிழ்லயே பேசுவாங்க.

சார் சென்னை கீழ்ப்பாக்கம் மனநல ஆஸ்பத்திரியில படிச்சவரு. அந்த ஆஸ்பத்திரிக்கு 1961-லேர்ந்து 78 வரைக்கும் தலைமையா இருந்த சாரதா மேனன் அம்மாவ, நாட்டோட முதல் பெண் மனநல மருத்துவர், அவருக்கு அப்படி ஒரு மரியாதை. அவங்க ரிட்டயர் ஆனப்புறம்தான் இவர் அங்க படிக்கப் போனாரு, ஆனாலும் அவங்க 1984-ல ஆரம்பிச்ச ஸ்கார்ஃப்ங்கிற மனச்சிதைவு ஆராய்ச்சி அமைப்பப் பத்தி அடிக்கடி பேசுவாரு. நோவு அடங்குனா வேலை முடிஞ்சுதுன்னு நெனைக்காத, அவனுக்கு ஒரு சம்பாத்தியம் வேணும், ஊர்ல ஒரு மதிப்பு வேணும்னு சொல்லுவாரு. மாற்றுத்திறனாளி சட்டத்துல மனநோயும் இருக்கு, 40 சதவீதமோ அதுக்கு மேலயோ பாதிப்புன்னா சான்றிதழ் வாங்கலாம், உதவித்தொகைக்கு மனு போடலாம், இத எங்க ஓபியில கேக்காதவங்களுக்கும் நாங்களே சொல்லி ஃபாரம் எழுதிக் குடுத்தோம்.

ரிட்டயர் ஆன அன்னைக்கு மாலை, சால்வையெல்லாம் முடிஞ்சப்புறம் சார் என் கையில ஒரு நோட்டு குடுத்தாரு. 192 பக்க நீள நோட்டு, அட்ட கிழிஞ்சு செல்லோடேப் ஒட்டுனது. வராதவங்க நோட்டு. தேதிக்கு வராம போன ஒவ்வொருத்தர் பேரும் அதுல ஏறும், சனிக்கிழம மத்தியானம் சாப்புட்டுட்டு அவரே போன் போடுவாரு. பேரு, ஊரு, கடைசியா வந்த தேதி, நாலாவது கட்டத்துல ஏன் வரல. அவர் கையெழுத்துல அந்த நாலாவது கட்டத்த மட்டும் படிச்சாலே போதும். நடவு. ரெண்டு மணி பஸ்ஸ நிறுத்திட்டாங்க. மாத்திரை போட்டா தூங்கித் தூங்கி விழுறாரு, சொல்லப் பயம். பொண்ணு பாக்க வர்றாங்க. நல்லாயிட்டேன்னு நெனச்சாங்க. மாத்திரை குடுக்குற எடத்துல சத்தம் போட்டு நோயச் சொன்னாங்க. ஒரு எடத்துல, போன தடவ நான் சரியா பேசல.

இதப் பாத்துப் பாத்துதான் எங்க ஓபியே மாறுச்சு. நடவு, அறுப்பு சமயத்துல ரெண்டு மாச மாத்திரை சேர்த்துக் குடுத்தோம். தேதி சொன்னா மறந்துருவாங்கன்னு ஆடிப்பெருக்குக்கு மறுநாள், கார்த்திகை தீபம் கழிச்சு வர்ற செவ்வாயின்னு சொல்ல ஆரம்பிச்சோம். தூக்கம் அதிகமாகுறவங்களுக்கு மாத்திரைய ராத்திரிக்கு மாத்துனோம். மாத்திரை சீட்டுல நோயோட பேர எழுதுறத நிறுத்துனோம்.

நோட்டுல குடவாசல் பக்கத்து அம்மா ஒருத்தங்க பேரு 2016-ல எழுதினது இருக்கு. நாலாவது கட்டம் காலியா இருக்கு. பேருக்கு பக்கத்துல பென்சிலால சின்னச் சின்னப் புள்ளி. போன் போட்டு எடுக்காத ஒவ்வொரு தடவைக்கும் சார் ஒரு புள்ளி வைப்பாரு. போன மாசம்தான் எண்ணிப் பார்த்தேன், 31 இருக்கு. அந்த நம்பர் இப்ப வேற யாருக்கோ போயிருச்சு. அந்த ஊர் நர்ஸ்கிட்ட விசாரிச்சேன், அந்தம்மா மகனோட திருப்பூருக்குப் போயிட்டாங்களாம், பனியன் கம்பெனியில மகனுக்கு வேலையாம். மகன் நம்பர் அவங்க சித்தப்பா வீட்டுல இருக்கும், வாங்கித் தர்றேன்னு நர்ஸ் சொல்லியிருக்காங்க. சனிக்கிழம போன் பண்ணணும்.